ஆறுதல் வார்த்தை மட்டும் போதாது

2022 அக்டோபர் 11-ம் தேதி சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் காஞ்சிபுரம் மாவட்டத்து மலைக்குறவர் ஒருவர் தம் உயிரைப் போக்கிக்கொள்ள முற்பட்டார், மறுநாள் இறந்தார். பிள்ளைக்குப் பழங்குடிச் சான்றிதழ் கேட்டு ஆண்டுக்கணக்கில் அலைந்தவர் அவர்.

அவரைத் தியாகி என்று நாம் எழுத மாட்டோம். நம் அரசியல் மேடைகளில் அப்படி ஒரு பழக்கம் உண்டு, கெட்ட பழக்கம். சாவைப் போற்றி ஒட்டும் சுவரொட்டியை, அதே கஷ்டத்தில் இருக்கும் இன்னொருவரும் நின்று படிக்கிறார். அந்தக் காகிதத்தை அவர் உயிரோடு இருந்து வாங்கியிருக்க வேண்டும் என்பதே நம் கட்சி.

மனம் உடையப் பல காரணங்கள் சேரும்: குடி, நோய், வீட்டுச் சண்டை, கடன். ஒரே காரணம் சொல்வது தவறு. ஆனால் பழங்குடி மக்களுக்கு அரசாங்கமே ஒரு காரணத்தைக் கூடுதலாகச் சேர்த்துவிடுகிறது. பாலசமுத்திரத்தில் இருக்கும் நமக்கு இது தெரியாததல்ல. 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கம் சென்னை மாகாணத்தோடு போனது. நாம் ஆந்திரத்தில் நின்றோம். கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் அந்தக் கோட்டைத் தாண்டி வரும் இருளர், தமிழ்நாட்டில் பழங்குடி. ஆந்திரப் பட்டியலில் அவர் பெயரே இல்லை. இங்கே பழங்குடியான ஏனாதி, பள்ளிப்பட்டுக்குப் போனால் அங்குள்ள பட்டியலில் இல்லை. ஒரு மாநிலத்துப் பழங்குடித் தகுதி இன்னொரு மாநிலத்துக்குக் கூடவே வராது என்று உச்ச நீதிமன்றம் 1990-ல் தீர்ப்பளித்துவிட்டது. திருத்தணியில் எடுத்த ரயில் டிக்கெட் ஏகாம்பரகுப்பத்தில் செல்லும். மனிதனின் பிறப்பு செல்லாதாம்!

கனடா நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஆதிக்குடி மக்களிடையே 1987 முதல் 1992 வரை நடந்த தற்கொலைகளைச் சாண்ட்லர், லலோண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1998-ல் வெளியிட்டார்கள். சுயாட்சி, நில உரிமைப் போராட்டம், சொந்தப் பள்ளி, சொந்த மருத்துவ வசதி, பண்பாட்டு நிலையம், காவல் மற்றும் தீயணைப்புப் பணி ஆகிய ஆறும் தம் கையில் இருந்த சமூகங்களில் அந்த ஐந்தாண்டில் ஒரு தற்கொலை கூட இல்லை. ஆறில் ஒன்றும் இல்லாத சமூகங்களில்தான் எண்ணிக்கை மிக அதிகம். மருத்துவர் வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். தன் வாழ்வு தன் கையில் இல்லாதவனுக்கு மருத்துவர் மட்டும் போதமாட்டார்.

கடன் விஷயம். சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணம் கொடுத்துக் குடும்பத்தோடு கட்டிவைத்தால் அது கொத்தடிமை. 1976-ம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கடன் ரத்தாகிறது. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. கடனுக்குப் பயந்து ஒடிந்து கிடக்கும் மனிதரிடம் முதலில் சொல்ல வேண்டிய சேதி இதுதான்.

இன்னொரு பயம் போலீஸ் பயம். வழக்கு வரும் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் மறைக்கிறார்கள். அதிலேயே உயிர் போகிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார், அவரைத் தண்டிக்கக் கூடாது, அரசு பராமரிக்க வேண்டும் என்கிறது 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம். 2024 ஜூலை 1-ல் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309-ம் பிரிவு இல்லை. ஆனால் அரசு ஊழியரை நிர்ப்பந்திக்க அப்படிச் செய்தால் குற்றம் என்று 226-ம் பிரிவை வைத்திருக்கிறார்கள். சான்றிதழ் தராத அதிகாரிக்கு ஒரு பிரிவும் இல்லை. வாசலில் நொந்து விழுந்தவனுக்கு ஒரு பிரிவு! இதை எதிர்த்தே ஆக வேண்டும். அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

மாந்தோப்பில் வேலை செய்பவர்கள் பூச்சிமருந்தை வீட்டுக்குள் வைக்க வேண்டாம். தோட்டக்காரரே பூட்டி வைக்கட்டும். இலங்கையில் 1995 முதல் கொடிய மருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தார்கள். இருபது ஆண்டில் தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. ஆத்திரம் தணியும்வரை கைக்கு எட்டாமல் இருந்தாலே பலர் பிழைத்துக்கொள்கிறார்கள்.

யாராவது “இனி நான் இருந்து என்ன” என்று சொன்னால் விளையாட்டாக விடாதீர்கள். நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தனியே விடாதீர்கள். 14416 என்ற அரசு எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம், காசு இல்லை.

தமிழ்நாட்டில் பழங்குடிச் சான்றிதழ் தருபவர் வருவாய்க் கோட்டாட்சியர். மனுக் கொடுத்துக் காத்திருக்கும் குடும்பங்கள், தேதி போட்ட ரசீதோடு சங்கத்துக்கு வாருங்கள். ரசீது தராமல் அனுப்பியிருந்தால் அதையும் சொல்லுங்கள். இனி எந்த அலுவலகத்துக்கும் ஒருவர் தனியாகப் போக வேண்டாம். நாம் கூட வருகிறோம்.