ரத்தம் கம்மியாத்தான் இருக்கு... அதுக்கு என்ன இப்போ?

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பி.காம். மூன்றாம் ஆண்டு. டெபிட், கிரெடிட் தவிர வேறெதையும் எனக்கு யாரும் முறையாகச் சொல்லித் தந்ததில்லை. ஆகவே மருத்துவ நண்பர்கள் ஆட்டோ அனுப்ப வேண்டாம். தப்பு இருந்தால் திட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

போன வருஷம் என் பெரியப்பாவுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் என்று தெரிய வந்தது. அதற்கு ஏழெட்டு மாதம் முன்பிருந்தே சிறுநீரில் ரத்தம் போயிருக்கிறது. வலி இல்லை. வலி இல்லாததால் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்ன ஒரே ஒரு சிநேகிதர் "சூடு பிடிச்சிருக்கும்யா, இளநீர் குடி" என்றாராம். நாலு நாள் இளநீர் குடித்ததும் ரத்தம் நின்றுவிட்டது. பிறகு திரும்ப வந்தது. திரும்ப இளநீர். இந்தப் புற்றுநோயின் முதல் அறிகுறியே வலியில்லாமல் ரத்தம் போவதுதான், அதுவும் விட்டு விட்டுத்தான் போகும் என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது எங்கள் வீட்டில் எவனுக்கும் தெரியாது.

சரி, அது எங்கள் தப்பு. நான் எழுத வந்தது அதற்கப்புறம் நடந்ததை.

முதல் நாள் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.6. ஆணுக்கு 13க்குக் கீழே, கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனால் ரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரிப்போர்ட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. கம்ப்யூட்டர் கவனித்திருக்கிறது. மனிதர்கள்தான் கவனிக்கவில்லை. நான் கேட்டேன். "கொஞ்சம் கம்மிதான் தம்பி. ஆபரேஷன் சமயத்துல ஏத்திக்கலாம்" என்று பதில் வந்தது.

ஆபரேஷன் எப்போது நடந்தது தெரியுமா? ஐந்து வாரம் கழித்து. காப்பீட்டு ஒப்புதல், இதயப் பரிசோதனை, மயக்க மருந்து டாக்டரின் கையெழுத்து, தியேட்டர் தேதி. அத்தனைக்கும் நாள் ஒதுக்கினார்கள். அந்த நட்சத்திரக் குறிக்கு மட்டும் ஒரு நாள் கிடைக்கவில்லை. கடைசியில் முந்தின நாள் சாயங்காலம் "மூணு யூனிட் ரத்தம் ஏற்பாடு பண்ணுங்க" என்றார்கள். நம் வகுப்பிலிருந்து நாலு பேர் இன்டர்னல் பரீட்சையை வைத்துக்கொண்டு வந்து கை நீட்டினீர்களே, அதை நான் மறக்கமாட்டேன். ஆனால் அன்று ராத்திரி பிளட் பேங்க் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குக் கோபமே வந்தது. ஐந்து வாரமாகத் தெரிந்த விஷயம் எப்படி ஒரே ராத்திரியில் அவசரமானது?

அதற்கப்புறம் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். இந்த நோயாளிகளுக்கு ரத்தம் ஏன் குறைகிறது என்பதே தனிக் கதை. மாதக்கணக்கில் கசிந்து போகிற ரத்தத்தோடு இரும்புச் சத்தும் போகிறது. போதாததற்குப் புற்றுநோயின் அழற்சியால் ஹெப்சிடின் என்ற ஒரு பொருள் உடம்பில் கூடிவிடும். அது குடலில் இரும்பு ஏறுவதையும் தடுக்கும், ஏற்கெனவே சேமிப்பில் இருக்கும் இரும்பையும் பூட்டி வைக்கும். பேங்கில் பணம் இருக்கிறது, ஆனால் கணக்கை முடக்கிவிட்டார்கள் என்கிற மாதிரி. மூன்றாவது, சிறுநீரகம். ரத்த அணுக்களை உற்பத்தி செய் என்று எலும்பு மஜ்ஜைக்கு ஆணையிடும் எரித்ரோபாய்டின் அங்கேதான் சுரக்கிறது. கட்டி குழாயை அடைத்துச் சிறுநீரகம் வீங்கிப் பழுதானால் அந்த ஆணையும் குறைந்துவிடும். பெரியப்பாவுக்கு இடது சிறுநீரகம் வீங்கியிருந்தது. அதனால்தான் அறுவைக்கு முன் வழக்கமாகக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் மருந்தும் அவருக்கு முடியாது என்றார்கள்.

இந்த நிலையில் சொந்தக்காரர்கள் பீட்ரூட் ஜூஸையும் மாதுளம்பழத்தையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அன்புக்குக் குறைவில்லை. இரும்புதான் அதில் சொற்பம். நிறம் சிவப்பாக இருந்தால் ரத்தம் ஊறும் என்றால் குங்குமத்தைச் சாப்பிடலாமே :-)

சிறுநீர்ப்பையை முழுதாக எடுப்பது சின்ன வேலை இல்லை. பல மணி நேரம் ஆகும், ரத்தம் நிறையப் போகும். ஆண்களுக்குப் புராஸ்டேட்டும் சேர்ந்தே போகும். குடலில் ஒரு துண்டை வெட்டி வயிற்றில் புது வழி வைக்க வேண்டும். அதற்குள் போகிற ஆள் ஆரம்ப இருப்பே இல்லாமல் போகிறார். ரத்தசோகையோடு இந்த அறுவைக்குப் போனவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த காலமே பிழைத்திருந்தார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. சிறுநீரகத்தையும் யூரிட்டர் குழாயையும் சேர்த்து எடுப்பவர்களிடமும் இதே கதைதான். 2011இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு இதயம் அல்லாத பெரிய அறுவைகள் செய்துகொண்ட 2,27,425 பேரைப் பார்த்தது. சுமார் 30 சதவீதம் பேருக்கு முன்பே ரத்தசோகை. லேசான ரத்தசோகைகூட முப்பது நாளுக்குள் இறக்கும் அபாயத்தோடு சேர்ந்தே வந்தது.

இங்கே ஒரு மருத்துவ மாணவ நண்பன் என்னை மடக்கினான். "காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைடா இது. நோய் முற்றினவனுக்குத்தான் ரத்தம் குறையும். அவன் சாவது நோயால், ரத்தசோகையால் இல்லை." நியாயமான கேள்வி. பாதி உண்மையும்கூட. அதோடு அவன் இன்னொரு குண்டும் போட்டான். 2020இல் வெளியான பிரிவென்ட் என்ற பிரிட்டிஷ் பரிசோதனையில் பெரிய வயிற்று அறுவைக்கு முன் 487 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நரம்பு வழியாக இரும்பு ஏற்றினார்கள். ரத்தம் ஏற்றும் தேவையும் குறையவில்லை, மரணமும் குறையவில்லை.

இதை மறைத்துவிட்டு நான் வாதாடினால் அது மோசடிக் கணக்கு. ஆனால் அதே ஆய்வின் மற்ற வரிகளையும் படிக்க வேண்டும் இல்லையா? ஹீமோகுளோபின் ஏறியது. அறுவைக்குப் பின் எட்டு வாரத்துக்குள் சிக்கலோடு மருத்துவமனைக்குத் திரும்பியவர்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தார்கள். இன்னொன்று, அதில் சேர்த்தவர்களுக்கு உண்மையில் இரும்புதான் குறைவா என்று பார்த்துப் பிரிக்கவில்லை. ரத்தம் குறைந்த எல்லோருக்கும் ஊசி. நான் கேட்பது அது இல்லையே! எதனால் குறைந்தது என்று முதல் வாரத்திலேயே பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். ஃபெரிட்டின் பாருங்கள். அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் நல்லபிள்ளை மாதிரி நடிக்கும், அதனால் டிரான்ஸ்ஃபெரின் செறிவையும் பாருங்கள். இரும்பு இல்லையென்றால் இரும்பு கொடுங்கள், பி12 இல்லையென்றால் அதைக் கொடுங்கள்.

"புற்றுநோயை வைத்துக்கொண்டு ரத்தம் ஊறும் வரை காத்திருக்கச் சொல்கிறாயா?" இல்லை சாமி, இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் தள்ளினால் ஆபத்து என்று எனக்கும் தெரியும். ஒரு நாள்கூடத் தள்ள வேண்டாம். எப்படியும் காக்க வைக்கிறீர்களே, அந்த ஐந்து வாரத்தைத்தான் கேட்கிறேன்.

காமர்ஸ்காரன் பணத்தைப் பற்றிப் பேசாமல் போனால் எப்படி? இரும்பு ஊசி சில ஆயிரம் ரூபாயில் முடியும். மேற்கு ஆஸ்திரேலியாவில் 2008 முதல் 2014 வரை நான்கு பெரிய மருத்துவமனைகளில், அறுவைக்கு முன்பே ரத்தசோகையைக் கவனிப்பது உள்பட நோயாளியின் ரத்தத்தைக் காக்கும் திட்டம் ஒன்றை நடத்தினார்கள். ரத்தப் பொருட்களின் பயன்பாடு 41 சதவீதம் குறைந்தது. ரத்தம் வாங்கும் செலவில் மட்டும் சுமார் 1 கோடியே 85 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் மிச்சம். இறப்பும் குறைந்தது. (இதிலும் பனம்பழம் உண்டு என்பான் நண்பன். இருக்கட்டும்.) இதைச் செய்யுங்கள் என்று உலக சுகாதார சபை 2010லேயே தீர்மானம் போட்டாகிவிட்டது.

நம் ஊரில் சிக்கல் என்னவென்றால், ரத்தம் கம்மியாக இருப்பதே நமக்கு வழக்கம். 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 25 சதவீதம் ரத்தசோகையர். என் அம்மாவே "எனக்கு எப்பவும் பத்துதான்" என்று ரேஷன் கார்டு நம்பர் மாதிரிச் சொல்வார். எல்லோருக்கும் இருக்கிற குறை யார் கண்ணிலும் படுவதில்லை, டாக்டர் கண்ணிலும்தான்.

பெரியப்பா பிழைத்து வீட்டில் இருக்கிறார். தையல் பிரிந்து, சீழ் வைத்து, இரண்டு முறை திரும்ப அட்மிட் ஆனார். அது ரத்தசோகையால்தான் என்று நான் நிரூபிக்க முடியாது. வயிற்றில் பையை மாட்டிக்கொண்டு மெதுவாகத் தெருமுனை டீக்கடை வரைக்கும் நடக்கிறார். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் இரும்பு ஏறாது என்று சொல்லிப் பார்த்தேன். "போடா, பி.காம். டாக்டர்" என்றார். போன வாரம் நானே லேபுக்கு அழைத்துப் போனேன். 11.4. இன்னும் அந்த நட்சத்திரக் குறி போகவில்லை.