விருப்பமா, வஞ்சகமா?

“உத்மூர்த்து மொழியை யார் தடை செய்தார்கள்? விரும்புகிறவன் படிக்கட்டும். விரும்பாதவனை ஏன் வற்புறுத்த வேண்டும்?”

ருஷ்யாவின் ஆளும் வட்டாரத்தார் இப்படித்தான் கேட்கிறார்கள். காதுக்கு நியாயமாகத்தான் படுகிறது. அந்த நியாயத்தின் யோக்கியதை என்ன என்று பார்ப்போம்.

யூரல் மலைக்கு மேற்கே, காமா, வியாத்கா நதிகளின் பிரதேசத்தில் வாழ்கிறவர்கள் உத்மூர்த்து மக்கள். அவர்களுடைய மொழி ருஷ்ய மொழிக்கு இனமானதல்ல; கோமி மொழிக்கு நெருங்கிய உறவு, ஹங்கேரிய மொழிக்குத் தூரத்து உறவு. அதன் முதல் இலக்கண நூல் 1775-லேயே அச்சேறிவிட்டது.

ஜாராட்சி இந்த மக்களை எப்படி நடத்தியது? 1892-ல் மூல்தான் கிராமத்து உத்மூர்த்து விவசாயிகள்மீது நரபலிக் குற்றம் சுமத்தினார்கள். இரண்டு முறை தண்டித்தார்கள். எழுத்தாளர் கொரலென்கோ களத்தில் இறங்கி வாதாடிய பிறகே, 1896-ல் நடந்த மூன்றாவது விசாரணையில் அவர்கள் விடுதலையானார்கள்.

புரட்சி அந்த மக்களுக்கு 1920-ல் சுயாட்சிப் பிரதேசம் தந்தது. பள்ளி, பத்திரிகை, புத்தகம் எல்லாம் தாய்மொழியில் பெருகின. ஆனால் அதே மொழியின் தலைசிறந்த கவிஞர் குஸெபாய் கெர்த் 1932-ல் கைது செய்யப்பட்டார். 1937-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். 1958-ல் அவர் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டது. இதை நாம் பூசி மெழுகப் போவதில்லை. தவறைத் தவறு என்று சொல்லத் துணியாதவனுக்கு, அடுத்தவன் அநீதியைச் சுட்டிக் காட்ட வாய் ஏது?

‘விருப்பம்’ என்ற மந்திரமும் புதியதல்ல. 1958-59 கல்விச் சீர்திருத்தமே, எந்த மொழியில் படிப்பது என்பதைப் பெற்றோர் விருப்பத்துக்கு விட்டது. அதற்குப் பிறகு தாய்மொழிவழி வகுப்புகள் தேய்ந்தன. 2018-ல் வந்த சட்டமோ தாய்மொழிப் பாடத்தையே பெற்றோர் எழுதிக் கொடுக்கும் விண்ணப்பத்தில் தொங்கவிட்டது. ருஷ்ய மொழிக்கு இப்படி விண்ணப்பம் உண்டா? கிடையாது. அது எல்லோருக்கும் கட்டாயம். ஒரு மொழிக்குச் சட்டம் காவல். இன்னொரு மொழிக்கு விருப்பம் காவல். இதற்குப் பெயர் சமத்துவமாம்!

ஆலை வாசலில் பசியோடு நிற்கும் தொழிலாளியிடம் முதலாளி என்ன சொல்வான்? “உன்னை யார் கட்டாயப்படுத்தினார்கள்? நீயாகத்தானே இந்தக் கூலிக்குச் சம்மதித்தாய்?” என்பான். அந்தச் ‘சம்மதம்’ எப்படிப்பட்டது என்பது உழைப்பாளிக்குத் தெரியும். பள்ளி இறுதித் தேர்வு ருஷ்ய மொழியில். பல்கலைக்கழக வாசலும் அந்தத் தேர்வின் வழியே. இஷெவ்ஸ்க் நகரத்து ஆயுத ஆலையில் வேலையும் ருஷ்ய மொழியில். இத்தனை கதவுகளையும் அடைத்துவிட்டு, “எந்த வழியில் போக உனக்கு விருப்பம்?” என்று கேட்பது நயவஞ்சகம் அல்லாமல் வேறென்ன?

“கட்டாய மொழியை லெனினே எதிர்த்தாரே” என்று சிலர் சாஸ்திரம் பேசுவார்கள். ஆம், 1914-ல் எதிர்த்தார். எந்த மொழியின் கட்டாயத்தை? ஜார் சர்க்கார் மற்ற இனங்கள்மீது திணித்த ருஷ்ய மொழியின் கட்டாயத்தை! நலிந்தவனுக்குக் கேடயமாக வந்த கொள்கையை வலுத்தவன் கையில் தடியாகக் கொடுக்காதீர்கள்.

பலன் என்ன? ருஷ்யக் குடிக்கணக்கில் 1989-ல் தம்மை உத்மூர்த்து என்று பதிந்தவர்கள் சுமார் 7,15,000 பேர். 2010-ல் சுமார் 5,52,000. 2021-ல் சுமார் 3,86,000. கணக்கில் குறை உண்டு என்று வாதாடலாம். போகிற திசையை மறைக்க முடியுமா?

2012-ல் ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் புரானோவோ கிராமத்துப் பாட்டிமார் உத்மூர்த்து மொழியில் பாடி, ருஷ்யாவுக்கு இரண்டாம் இடம் வாங்கித் தந்தார்கள். அப்போது அந்த மொழி இனித்தது! பாட்டி பாடினால் கைதட்டல். பேரன் படிக்க வேண்டுமென்றால் விண்ணப்பம்!

2019 செப்டம்பர் 10 அன்று, இஷெவ்ஸ்க் சட்டமன்றத்தின் முன்னால், 79 வயது அறிஞர் ஆல்பர்ட் ராஸின் தம் மொழிக்காகத் தீக்குளித்து உயிர்விட்டார். அந்த வழியை நாம் ஏற்கவில்லை. உயிரோடிருந்து இளைஞர்களை அணிதிரட்ட வேண்டியவர் அவர். ஆனால் அந்த முதியவரை அந்த வாசலுக்குத் தள்ளியது எது என்ற கேள்விக்கு ஆட்சியாளர்கள் பதில் சொல்லியாக வேண்டும். மறு ஆண்டே அவர்கள் தந்த பதில், ருஷ்ய மொழியை ‘அரசை உருவாக்கிய மக்களின் மொழி’ என்று அரசியல் சட்டத்தில் பொறித்ததுதான்!

உத்மூர்த்தியக் குடியரசில் உத்மூர்த்து மொழியும் ஆட்சிமொழி என்று சட்டம் சொல்கிறது. அது ஏட்டுச் சுரைக்காயாக இருக்கலாகாது. பள்ளியில் அதற்கு உறுதியான இடம் வேண்டும். அந்த மொழியில் தேர்வெழுத உரிமை வேண்டும். அலுவலகத்தில் அந்த மொழியில் மனுக் கொடுத்தால் அந்த மொழியிலேயே பதில் வர வேண்டும். அந்த மொழி கற்றவனுக்கு வேலை வேண்டும்.

இவற்றைக் கொடுங்கள். அதற்குப் பிறகு விருப்பத்தைப் பற்றிப் பேசுங்கள், நாமும் கேட்கிறோம்.