தீ ஒத்திகை வெறும் சடங்கா? சுமார் 2,700 ஊழியர்களின் கதை சொல்வது என்ன?

அலுவலகத்தில் தீ ஒத்திகை என்றதும் நமக்கு என்ன தோன்றும்? 'இன்னிக்கு வேலை கெட்டுது' என்றுதான். மணி அடிக்கும். பாதிப் பேர் இறங்குவாங்க. மீதிப் பேர் 'மீட்டிங்ல இருக்கேன்' என்று உட்கார்ந்திருப்பாங்க. பதிவேட்டில் கையெழுத்து விழுந்தால் கதை முடிந்தது. ஆனால், ஒத்திகையை ஒழுங்காகச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நியூயார்க்கில் ஓர் உதாரணம் இருக்கிறது.

1993 தந்த பாடம்

1993 பிப்ரவரி 26-ல் உலக வர்த்தக மையத்தின் அடித்தள வாகன நிறுத்தத்தில் பயங்கரவாதிகள் வைத்த குண்டு வெடித்து 6 பேர் இறந்தனர். இருட்டிலும் புகையிலும் மக்கள் படியிறங்கி முடிக்கப் பல மணி நேரம் ஆனது. அதன்பிறகு படிக்கட்டுகளில் அவசர விளக்குகளும் ஒளிரும் கோடுகளும் வந்தன.

தெற்குக் கோபுரத்தில் இயங்கிய மார்கன் ஸ்டான்லி நிதி நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைவர் ரிக் ரெஸ்கோர்லாவுக்கு அது போதவில்லை. 'மறுபடியும் தாக்குவாங்க' என்று நம்பினார். மேலதிகாரிகள் எரிச்சலடைந்தும், அவர்களையும் சேர்த்தே அடிக்கடி படியிறங்க வைத்துப் பழக்கினார்.

யார் உத்தரவு?

2001 செப்டம்பர் 11, காலை 8.46. வடக்குக் கோபுரத்தில் விமானம் மோதியது. தெற்குக் கோபுரத்தில் இருந்தவர்களை இருக்கைக்கே திரும்பச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. ரெஸ்கோர்லா அதைப் பொருட்படுத்தாமல் தன் ஊழியர்களை இறக்கினார். 9.03-க்கு இரண்டாவது விமானம் தெற்குக் கோபுரத்தில் மோதியபோது, இறங்குவது ஏற்கெனவே தொடங்கிவிட்டது. 9.59-க்குக் கோபுரம் சரிந்தது. சுமார் 2,700 ஊழியர்களில் மிகப் பெரும்பாலானோர் பிழைத்தனர். விடுபட்டவர்களைத் தேடி மேலே போன ரெஸ்கோர்லா திரும்பவில்லை.

'அவங்க இருந்த தளங்கள் விமானம் மோதிய இடத்துக்குக் கீழே இருந்துச்சு, அது அதிர்ஷ்டம்தானே?' என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் விமானம் மோதிய பிறகு கிடைத்தது 56 நிமிடங்கள் மட்டுமே. அதை வீணாக்காமல் இருக்க உதவியது பழக்கம்.

நம் நிறுவனங்களில் பேரிடர் திட்டம் இல்லாமல் இல்லை, ஃபைலில் இருக்கிறது. புகையைப் பார்க்கும் காவலாளி, 'சார்கிட்ட கேட்டுச் சொல்றேன்' என்று போன் தேடும் நிலைதான் சிக்கல். யாரையும் கேட்காமல் 'எல்லாரும் வெளியே போங்க' என்று சொல்லும் அதிகாரம் ஒவ்வொரு தளத்திலும் ஒருவருக்கு எழுத்தில் தரப்பட வேண்டும். அவசரப்பட்டுவிட்டார் என்று பிறகு அவரைத் தண்டிக்கக் கூடாது. அடுத்த ஒத்திகையில் முதலில் படியிறங்க வேண்டியவர் நிர்வாக இயக்குநர். அவர் இறங்கினால் மற்றவர்களும் இறங்குவாங்க.