பேக்கப் அனுப்பும் கோடுக்குள் பாஸ்வேர்டு எதற்கு?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லைச் சீமை மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரை மீறியதில் திருநெல்வேலி ஜங்ஷன் பகுதி வெள்ளக்காடானது.

பில், ஸ்டாக், நோயாளி விவரம்... எதுவானாலும் ஒரு நகல் வேறு ஊரில் இருக்கணும் என்பது அப்போதே புரிந்துவிட்டது. தினமும் ராத்திரி ஒருவர் உட்கார்ந்து அனுப்புவது நடக்காத காரியம். இணையதளத்தின் கோடே ஃபைலை எடுத்து, தொலைவிலுள்ள சர்வருக்கு அனுப்பிவிட வேண்டும். பிஎச்பியோ பைத்தானோ, சில பத்து வரிகளில் முடிகிற வேலைதான். ஆனால், வில்லங்கமும் அந்த வரிகளில்தான் இருக்கிறது.

இன்னும் பலர் பழைய எஃப்டிபியைப் பயன்படுத்துகிறார்கள். 1971-ல் அபய் பூஷண் என்ற இந்தியர் அமெரிக்காவின் எம்ஐடியில் இருந்தபோது எழுதிய விதிமுறை அது. அதில் பாஸ்வேர்டும் ஃபைலும் அப்படியே திறந்தபடி போகும். வழியில் யாரும் படிக்கலாம். 1995-ல் பின்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் இப்படிப் பாஸ்வேர்டுகள் களவுபோன பிறகுதான், டாட்டு உலோனென் எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான வழியை உருவாக்கினார். எஸ்எஃப்டிபி அந்த வழியில்தான் போகிறது.

“எஸ்எஃப்டிபிக்கு மாத்தியாச்சு, அவ்வளவுதானே?” இல்லை. இன்னும் மூன்று விஷயம் இருக்கிறது.

ஒன்று, கோடுக்குள் பாஸ்வேர்டு வேண்டாம். கோடு கிட்ஹப்புக்குப் போகும், வேலையை விட்டுப் போனவரின் லேப்டாப்பிலும் இருக்கும். அதற்குப் பதில் ‘கீ’ வையுங்கள். ரகசியக் கீ, இணையதள ஃபோல்டருக்கு வெளியே இருக்கட்டும்.

இரண்டு, எதிரே இருப்பது நம்ம சர்வர்தானா என்று கோடு சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு சர்வருக்கும் கைரேகை போல ஓர் அடையாளம் உண்டு. எரர் வருகிறது என்று அந்தச் சோதனையையே அணைத்து வைப்பது, கதவைத் திறந்தவரிடமெல்லாம் பார்சலைக் கொடுப்பதற்குச் சமம்.

மூன்று, அந்தக் கீயால் ஒரே ஒரு ஃபோல்டரில் ஃபைல் போட மட்டுமே முடியணும். வந்து சேர்ந்த நகலை, தொலைவிலுள்ள சர்வரே வேறு இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால், தளத்துக்குள் நுழைந்தவர் அதே கீயால் பேக்கப்பையும் அழித்துவிடுவார்.

“சின்னக் கடை, நம்மள யாரு ஹேக் பண்ணப் போறா?” என்பார்கள். கடை பெரிதா, சிறிதா என்று யாரும் பார்ப்பதில்லை. இணையத்தில் திறந்து கிடக்கும் சர்வர்களைத் தேடுவது மனிதர்கள் அல்ல, ஓயாமல் ஓடும் புரோகிராம்கள். 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, போதிய பாதுகாப்பு இல்லாமல் தகவல் கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது.

இதற்கெல்லாம் கூடுதலாக ஒரு நாள் வேலை ஆகலாம். டெவலப்பர் அதற்குக் கூலி கேட்டால், பேரம் பேசாமல் கொடுப்பதுதான் நியாயம். கூடவே இரண்டு விஷயத்தைக் கேட்டு வாங்குங்கள்: ஃபைல் போய்ச் சேரவில்லை என்றால் போனுக்கு மெசேஜ் வரணும், மாதம் ஒருமுறை அந்த நகலைத் திறந்து காட்டணும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.