அடீனியத்துக்கு அளந்து ஊற்றுங்கள்

மாடியில் முதன்முதலாகத் தொட்டிச் செடி வைக்கப்போகிறவர்கள் எதை வாங்கலாம் என்று கேட்டால், தயங்காமல் அடீனியத்தைச் சொல்வேன். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் கால் வைக்க முடியாது. ரோஜாவும் செம்பருத்தியும் துவண்டுபோகும் அந்த நேரத்தில் இது கொத்துக்கொத்தாகப் பூத்து நிற்கும்.

சஹாராவுக்குத் தெற்கேயுள்ள வறண்ட நிலங்களும் தென் அரேபியாவும் இதன் பூர்வீகம். நம்மூர் அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி எல்லாம் இதே குடும்பம்தான். மழை இல்லாத மாதங்களுக்கென்று பருத்த அடித்தண்டில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும்.

இந்தச் செடி வெயிலில் செத்து நான் பார்த்ததில்லை, சாவதெல்லாம் தண்ணீரால்தான். காலையில் மற்ற தொட்டிகளுக்கு ஊற்றுகிற கையோடு இதற்கும் ஊற்றிவிடுகிறோம். ஈரம் காயாத மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காது; பூஞ்சை புகுந்து அழுகும். இலை மஞ்சளாகி உதிர்ந்தால், தண்ணீர் போதவில்லை போல என்று இன்னும் ஊற்றுவோம். அதோடு செடி போய்விடும்.

அடித்தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் கவலை இல்லை. மண் காய்ந்து, தண்டும் லேசாக அமுங்கினால் தாகம்; தாராளமாக ஊற்றலாம். மண் ஈரமாக இருந்தும் கொழகொழவென்று அமுங்கினால் அழுகல். உடனே பிடுங்கி, பழுப்பேறிய பகுதியைச் சுத்தமான கத்தியால் வெள்ளைச் சதை தெரியும்வரை செதுக்கி, நிழலில் சில நாள் உலரவிட்டுப் புது மண்ணில் நட்டால் பிழைக்க வாய்ப்புண்டு. வடியும் பால் நஞ்சு. ஆப்பிரிக்காவில் அதை அம்பு முனையில் தடவி வேட்டையாடியிருக்கிறார்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

தொட்டிக்கான மண் கலவைக்குச் செம்மண் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, ஆற்று மணலும் பொடித்த செங்கல்லும் சேர்ந்து இரண்டு பங்கு. ஊற்றிய தண்ணீர் அடித்துளை வழியே உடனே வடிய வேண்டும். அகலமான மண் தொட்டி நல்லது. பூ கிளை நுனியில்தான் வரும் என்பதால், மாசியில் கவாத்து செய்துவிடுங்கள். வெட்டிய இடத்தில் இரண்டு மூன்று கிளை வெடித்து, கோடையில் ஒவ்வொரு நுனியிலும் மொட்டு வைக்கும்.

ஐப்பசி அடைமழைதான் இதற்குப் பெரிய சோதனை. மழை தொடங்குமுன்பே, வெளிச்சம் விழுந்து சாரல் படாத ஓர் இடத்தை சன்ஷேடுக்கு அடியில் பார்த்து வைத்துவிடுங்கள்.