எண்ணைக் கண்டு மயங்கலாமா?

தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ தொலைக்காட்சிப் பெட்டி விற்கும் கடைக்குள் நுழைந்தால், ‘ஹெச்.டி. ரெடி’, ‘ஃபுல் ஹெச்.டி.’, ‘4கே’ என்ற சொற்கள்தாம் நம்மை முதலில் வரவேற்கின்றன. சென்ற தீபாவளிக்கு எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அம்மா, சீட்டுக் கட்டி எடுத்த பணத்தில் 32 அங்குலப் பெட்டி ஒன்று வாங்கினார். “ஃபுல் ஹெச்.டி.தானே?” என்று அவர் கேட்டதற்கு, “எல்லாம் ஹெச்.டி.தாம்மா” என்று விடை வந்ததாம். வீட்டுக்கு வந்து அட்டையைப் படித்த பிறகே அது ‘ஹெச்.டி. ரெடி’ என்று தெரிந்தது. அன்று முதல் இச்சொற்களின் பொருளை நாங்கள் தேடலானோம்.

திரையில் தெரியும் படம் ஒரு புள்ளிக்கோலம் போன்றது. புள்ளி கூடினால் நுணுக்கம் கூடும். 1975 ஆகஸ்ட் 15-இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோது நம் பாட்டிமார் கண்ட படத்தில் 625 வரிகள். அவற்றுள் படத்தைத் தாங்கியவை 576. இன்றைய ‘ஹெச்.டி. ரெடி’ பெட்டியில் பெரும்பாலும் 1366க்கு 768 புள்ளிகள்; மொத்தம் பத்தரை லட்சம். ஃபுல் ஹெச்.டி.யில் 1920க்கு 1080. மொத்தம் இருபது லட்சத்துக்கும் மேல். பெயர் ஏறத்தாழ ஒன்று, புள்ளியோ பாதி!

அப்படியானால் 4கே? முடிச்சூர்ப் பக்கம் 40 அடி அகலமும் 60 அடி நீளமும் உள்ள ஒரு கிரவுண்டு மனையை நேற்று வரை ‘40 அடி மனை’ என்றவர், இன்று ‘60 அடி மனை’ என்றால் மனை வளர்ந்துவிடுமா? 1080 என்பது மேலிருந்து கீழாக எண்ணியது. 4கே என்பது இடமிருந்து வலமாக எண்ணியது. வீட்டு 4கே பெட்டியில் 3840க்கு 2160 புள்ளிகள். ஃபுல் ஹெச்.டி.யை விட உயரத்தில் இரு மடங்கு, அகலத்தில் இரு மடங்கு.

திரையரங்கில் கணக்கு சற்று வேறு. 2005-இல் ஹாலிவுட்டின் பெரிய பட நிறுவனங்கள் கூடி வகுத்த அளவின்படி அங்கே 4கே என்றால் 4096க்கு 2160. 2கே என்றால் 2048க்கு 1080. அதாவது 2கே திரையரங்கின் புள்ளிகள் ஃபுல் ஹெச்.டி.யை விடச் சிறிதளவே அதிகம். ஆயினும் அங்கே படம் கம்பீரமாகத் தெரிவது ஏன்? ஒளி, நிறம், இருட்டான அரங்கம், அதிகம் சுருக்கப்படாமல் வரும் படம் ஆகியவையே காரணம். 1964-இல் ஃபிலிமில் எடுத்து, 2012-இல் டிஜிட்டலில் புதுப்பித்து வெளியிட்ட ‘கர்ணன்’ படத்தை எண்ணிப் பாருங்கள். அந்த ஃபிலிமில் புள்ளிக் கணக்கே கிடையாது!

மேலும், சேனல் பழைய 576 வரியில் படம் அனுப்பினால் 4கே பெட்டி என்ன செய்யும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

எங்கள் தோழி வீட்டில் பெட்டிக்கும் பாய்க்கும் பத்தடி தூரம். அத்தனை தூரத்தில் சிறிய திரையின் புள்ளி வேறுபாடு கண்ணுக்கு எளிதில் புலப்படாது. ஆகவே படத்தில் அவர்கள் இழந்தது மிகக் குறைவு. ஆனால் கேட்ட கேள்விக்கு நேர்மையான விடை கிடைக்கவில்லையே என்பதுதான் எங்கள் வருத்தம்.

எனவே தோழியரே, அம்மாவுடன் கடைக்குச் செல்லும்போது நாமும் வாய் திறப்போம். அகலத்தில் எத்தனை புள்ளி, உயரத்தில் எத்தனை புள்ளி, எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்போம், நம் வீட்டுக்கு வரும் படம் எந்த அளவு என்று கேட்போம். நாம் கற்ற கணக்கு தேர்வுத்தாளோடு நின்றுவிடாமல், அம்மாவின் சீட்டுப் பணத்தையும் காக்கட்டும்!

— பத்தாம் வகுப்பு மாணவி