டிராகன்சுக்கு என்னதான் ஆச்சு? சேவுகம்பட்டி ரசிகரின் புலம்பல்

சேவுகம்பட்டி: நம்ம திண்டுக்கல் டிராகன்சுக்கு ரசிகரா இருக்கணும்னா நெஞ்சு கெட்டியா இருக்கணும்! 2024-ல் சேப்பாக்கத்தில் கோவையை வீழ்த்தி முதல் முறையாக டி.என்.பி.எல். கோப்பை. கேப்டன் அஸ்வின் 52 ரன். ஊரெல்லாம் குஷி.

2025-ல்? ஜூன் 8-ம் தேதி திருப்பூரிடம் 93 ரன்னில் சுருண்டார்கள். எல்.பி.டபிள்யூ. கொடுத்ததும் அம்பயரிடம் கோபப்பட்ட அஸ்வினுக்கு சம்பளத்தில் 30 சதவீதம் அபராதம் வேறு. அவர் போனால் போச்சு. பின்னால் வருபவர்கள், நம்மூர் பெருமாள் கோவிலில் வாழைப்பழம் சூறை விடுற மாதிரி விக்கெட்டை வீசுறாங்க. நோய் அங்கதான் இருக்கு.

ஆனாலும் எழுந்தார்கள். லீக்கில் ஏழு மேட்சையும் ஜெயித்த சேப்பாக் அணியையே பிளே-ஆப்பில் சாய்த்தார்கள்.

ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை பைனல். நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானம், நம்ம சொந்த மண். திண்டுக்கல் போய் பஸ் மாறி, ஒருநாள் கூலியைச் செலவழித்துப் பார்க்க வேண்டிய மேட்ச். திருப்பூர் 220 ரன். நம்மாளுங்க 102-க்கு ஆல் அவுட். 118 ரன் வித்தியாசம்! அஸ்வின் சீக்கிரமே அவுட், அப்புறம் அதே கதை. 220 ரன்னை விட்டுக்கொடுத்த பவுலிங்கை மட்டும் யாரும் வாயே திறந்து கேட்கலை.